கஸ்ப் எதுக்கு அங்க இருக்குது? முதல் வருஷ பிடிஎஸ், அதாவது பல் மருத்துவம் படிக்கற பசங்களுக்கு

டென்டல் அனாட்டமி, அதாவது பல்லோட அமைப்பு, படிக்கற பசங்க கிட்ட நான் பாக்கற ஒரே பிரச்சனை, எல்லாருக்கும் பேர் தெரியுது, காரணம் தெரியல. மேல் முதல் மோலார்ல, அதாவது முதல் கடவாப் பல்லுல, எத்தனை கஸ்ப், அதாவது மெல்லற பக்கம் நிக்கற முனை, இருக்குன்னு கேட்டா மீசியோபக்கல் டிஸ்டோபக்கல் மீசியோபேலட்டல் டிஸ்டோபேலட்டல்னு மூச்சு விடாம சொல்லிடறாங்க (மீசியல்னா முன் பக்கம், டிஸ்டல்னா பின் பக்கம், பக்கல்னா கன்னப் பக்கம், பேலட்டல்னா அண்ணப் பக்கம், கீழ்ப் பல்லுல நாக்குப் பக்கத்துக்கு லிங்குவல்), சரி இதுல எது பெருசு, ஏன் அது பெருசா இருக்கணும்னு கேட்டா அப்படியே முழிக்கறாங்க. கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்துல சின்னதா கிளினிக் வச்சிருக்கேன், லீவுக்கு ஊருக்கு வர்ற பசங்க, சேலம் பெங்களூரு சென்னைன்னு எங்கெங்கயோ படிக்கறவங்க, "அக்கா கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கறேங்க்கா"ன்னு வருவாங்க, அவங்களுக்கு வாயால சொல்லிச் சொல்லி தொண்டை காஞ்சு போச்சு, அதான் எழுதி வச்சிடலாம்னு.

நான் சொல்லப்போறது ஒண்ணே ஒண்ணு தான். எந்தப் பல்லையும் தனியாப் படிக்காதீங்க. அதுக்கு எதிர்ல எந்தப் பல்லு வருதோ அதையும் சேத்து கையில வச்சுக்கிட்டு படிங்க. ஒரு கஸ்ப் கூரா இருக்கறதுக்கும் மழுங்கி இருக்கறதுக்கும், உள்ள தள்ளி இருக்கறதுக்கும் வெளிய நிக்கறதுக்கும் எதிர்ல இருக்கற பல்லு தான் காரணம்.

ஆட்டுக்கல்லை நினைச்சுக்கோங்க, குழவி போய் உக்கார குழி வேணும், குழவியோட அடி உருண்டையா இருக்கணும், கூரா இருந்தா மாவு அரையாது. வாய்க்குள்ள குழவி வேலை பாக்கறது மேல் பல்லோட பேலட்டல் கஸ்ப்பும் கீழ்ப் பல்லோட பக்கல் கஸ்ப்பும். இதுக்கு தான் ஃபங்க்ஷனல் கஸ்ப், சப்போர்ட்டிங் கஸ்ப், சென்ட்ரிக் கஸ்ப்னு மூணு நாலு பேர் வச்சு குழப்பறாங்க, எல்லாம் ஒண்ணு தான். இது மழுங்கலா, அகலமா, பல்லோட நடுப்பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கும். மிச்ச ரெண்டு, அதாவது மேல் பக்கல் கஸ்ப்பும் கீழ் லிங்குவல் கஸ்ப்பும், கூரா இருக்கும், அதுங்க நேரா அரைக்கறதில்ல, கன்னத்தையும் நாக்கையும் பல்லுக்கு நடுவுல மாட்டாம தள்ளி வைக்கும், சாப்பாடு வெளிய வழியாம அரைக்கற மேடையில நிக்க வைக்கும், தாடை பக்கவாட்டுல நகரும்போது வழி காட்டும்.

இது புரிஞ்சா கார்விங்ல, அதாவது மெழுகுல பல்லு செதுக்கறதுல, பாதி சந்தேகம் போயிடும். கீழ் முதல் மோலார் செதுக்கும்போது நாலு பக்கமும் ஒரே மாதிரி கூரா செதுக்கி வச்சிட்டு மேடம் சைன் போடலன்னு அழுவாங்க. எப்படி போடுவாங்க? பக்கல் பக்கம் மழுங்கலா இருக்கணும், லிங்குவல் பக்கம் கூரா, கொஞ்சம் உயரமா இருக்கணும். க்ரவுனே, அதாவது வேருக்கு மேல இருக்கற பாகமே, மொத்தமா நாக்குப் பக்கம் சாஞ்சிருக்கணும், ஏன்னா மேல் வரிசையோட குழிக்குள்ள அந்த பக்கல் கஸ்ப் போய் உக்காரணும்னா அது சாஞ்சு தான் ஆகணும். மீசியல் பக்கத்துல இருந்து பாத்தா கீழ் மோலார் நேரா நிக்குதுன்னா அது தப்பான கார்விங், அளவு எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமா இருந்தாலும் தப்பு.

எந்தக் கஸ்ப் எங்க போய் உக்காருதுன்னு ஒரு தடவை மாடலைக் கையில வச்சு கடிக்க வச்சுப் பாருங்க. மேல் முதல் மோலாரோட மீசியோபேலட்டல் கஸ்ப் கீழ் முதல் மோலாரோட சென்ட்ரல் ஃபோஸாவுல, அதாவது நடுக் குழியில, இறங்கும். கீழ் முதல் மோலாரோட டிஸ்டோபக்கல் கஸ்ப் மேல் முதல் மோலாரோட சென்ட்ரல் ஃபோஸாவுல ஏறும். கீழ் மீசியோபக்கல் கஸ்ப் மேல் ரெண்டாவது பிரீமோலாருக்கும் (மோலாருக்கு முன்னாடி இருக்கற சின்ன கடவாப் பல்லு) முதல் மோலாருக்கும் நடுவுல மார்ஜினல் ரிட்ஜ்ல, அதாவது ஓர வரப்புல, போய் நிக்கும். இப்ப சொல்லுங்க, மேல் முதல் மோலார்ல எது பெரிய கஸ்ப்? மீசியோபேலட்டல் தான், வாய்லயே முக்கியமான குழிக்குள்ள இறங்கற வேலை அதுக்கு. அப்பறம் மீசியோபக்கல், மத்த ரெண்டும் அதை விடச் சின்னது. டிஸ்டோபேலட்டல் கஸ்ப் பின்னாடி போகப் போக சுருங்கிக்கிட்டே வரும், ரெண்டாவது மோலார்ல சின்னதாகும், விஸ்டம் டூத்துல பல பேருக்கு இருக்கவே இருக்காது, மூணு கஸ்ப்போட ஹார்ட் ஷேப்ல நிக்கும்.

அமெரிக்க பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-ல மாலோக்ளூஷனை, அதாவது மேல் கீழ்ப் பல்லு சரியா பொருந்தாததை, வகை பிரிச்சதும் இந்த உறவை வச்சு தான், மேல் முதல் மோலாரோட மீசியோபக்கல் கஸ்ப் கீழ் முதல் மோலாரோட பக்கல் க்ரூவ்ல (க்ரூவ்னா பள்ளக் கோடு) உக்காந்தா க்ளாஸ் ஒண்ணு. ஆர்த்தோல, அதாவது பல்லை வரிசைப்படுத்தற பாடத்துல, வரும்போது இது ஏதோ புதுசுன்னு படிப்பீங்க, முதல் வருஷத்துலயே பாத்தது தான்.

இதை எல்லாம் மாடல்ல பாக்கறதை விட எங்க ஊரு பெரியவங்க வாயில பாக்கணும். இங்க வயசானவங்க பாதிப் பேருக்கு வெத்தலை பாக்கு இல்லாம பொழுது போகாது. நாள் பூரா பாக்கு மெல்லற ஒரு தாத்தா வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தா, கீழ் மோலார்ல பக்கல் கஸ்ப் மட்டும் தேஞ்சு தட்டையாகி, எனாமல் போயி உள்ள இருக்கற மஞ்ச டென்டின் வட்டமா தெரியும், அதே பல்லுல லிங்குவல் கஸ்ப் ஈட்டி கணக்கா நிக்கும். மேல பாத்தா அப்படியே தலைகீழ், பேலட்டல் கஸ்ப் தேஞ்சிருக்கும், பக்கல் பக்கம் கூரா நிக்கும். ஃபங்க்ஷனல் கஸ்ப் எதுன்னு இதுக்கு மேல ஒரு பாடம் வேணுமா? கஸ்ப் நுனியில எனாமல் ரெண்டு ரெண்டரை மில்லிமீட்டர் கனம் இருக்கும், அவ்வளவு கனத்தையும் தேச்சு முடிச்சிருக்காரு மனுஷன்.

அப்படி வர்றவங்க சொல்ற கம்ப்ளெயின்ட் பல்லு தேஞ்சதை பத்தி இல்ல. "பல்லு ஓரம் நாக்கை அறுக்குதும்மா, காரமே சாப்ட முடியல"ன்னு தான் வருவாங்க. அந்தத் தேயாம நிக்கற லிங்குவல் கஸ்ப்போட கூர் முனை தான் நாக்கோட பக்கத்தைக் கிழிச்சிக்கிட்டே இருக்கும். லேசா உரசி மழுக்கி விட்டா புண்ணு ஆறிடும். ஆனா ஒண்ணு, மழுக்கி ரெண்டு வாரம் ஆகியும் புண்ணு ஆறலன்னா, அதுவும் பாக்கு பொகையிலை போடறவங்கன்னா, களிம்பு எழுதிக் குடுத்து அனுப்பிடாதீங்க, பயாப்சிக்கு, அதாவது புத்துநோயான்னு பாக்க சதை எடுத்து சோதிக்க, அனுப்புங்க. இது நாலாவது வருஷ பாடம் தான், இருந்தாலும் இப்பவே காதுல போட்டு வைக்கறேன்.

(இதுல ஒரு வேடிக்கை, எங்க பக்கம் கேழ்வரகு களி தான் முக்கியமான சாப்பாடு, களியை யாரும் மெல்ல மாட்டாங்க, உருட்டி குழம்புல தோச்சு முழுங்கறது தான். மெல்லத் தெரியாம வெளியூர் மருமகள் யாராவது மென்னா சிரிப்பாங்க. கஸ்ப் தேயறதுக்கு களி மேல பழி போட முடியாது, பாக்கு மேல தான் போடணும்.)

மேல் மோலாரை அடையாளம் கண்டுபிடிக்க ஆப்ளிக் ரிட்ஜ், அதாவது சாஞ்ச வரப்பு, ஒண்ணு போதும். மீசியோபேலட்டல் கஸ்ப்புல இருந்து குறுக்கால டிஸ்டோபக்கல் கஸ்ப்புக்கு ஓடும், வாயில மேல் மோலாருக்கு மட்டும் தான் இது உண்டு. மேல் முதல் மோலாரை ஆக்ளூசல்ல, அதாவது மெல்லற பக்கத்துல, இருந்து பாத்தா சாய்சதுரமா தெரியும், மீசியோபக்கல் மூலையும் டிஸ்டோபேலட்டல் மூலையும் குறுகலா இருக்கும், மத்த ரெண்டு மூலை விரிஞ்சிருக்கும். பக்கோபேலட்டல் அளவு மீசியோடிஸ்டல் அளவை விடப் பெருசு, பாடப்புத்தக சராசரி 11-க்கு 10 மில்லிமீட்டர். கீழ் முதல் மோலார் இதுக்கு நேர் எதிர், மீசியோடிஸ்டல் 11, பக்கோலிங்குவல் 10.5. வைவாவுல, அதாவது வாய்மொழித் தேர்வுல, பல்லைக் கையில குடுத்த உடனே வேர் எத்தனைன்னு எண்ணாதீங்க, வேர் உடைஞ்ச பல்லைத் தேடி எடுத்துக் குடுக்கறதுக்குன்னே சில எக்ஸாமினர் இருக்காங்க. முதல்ல ஆக்ளூசல் பக்கம் பாருங்க.

காராபெல்லி கஸ்ப் பத்தி எல்லாரும் ரொம்ப ஆசையா கேப்பாங்க. மீசியோபேலட்டல் கஸ்ப்போட பேலட்டல் பக்கத்துல சின்னதா ஒட்டிக்கிட்டு இருக்கற அஞ்சாவது கஸ்ப். சிலருக்கு கஸ்ப்பாவே இருக்கும், சிலருக்கு ஒரு கோடு, சிலருக்கு வெறும் குழி, சிலருக்கு ஒண்ணுமே இருக்காது. ஆஸ்திரிய பேரரசர் ஃப்ரான்ஸுக்கு அரண்மனை பல் மருத்துவரா இருந்த கியோர்க் காராபெல்லி 1842-ல இதை எழுதி வச்சாரு, அதான் அந்தப் பேரு. ஐரோப்பியர்களுக்கு அதிகமா இருக்கும், கிழக்காசிய மக்களுக்கு கம்மி. இதுக்கு எதிர்ல எந்தப் பல்லும் வராது, மெல்லறதுல பெருசா வேலையும் இல்ல, ஆனா அந்த கஸ்ப்புக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல சொத்தை விழும், பேலட்டல் பக்கம் மிரர் வச்சுப் பாக்காத டாக்டருக்கு அது தெரியவே தெரியாது. எக்ஸாம்ல காராபெல்லியோட செதுக்கினா அழகா இருக்கும் தான், ஆனா பெருசு பண்ணிடாதீங்க, அது மீசியோபேலட்டல் கஸ்ப் உயரத்துக்கு வரவே கூடாது.

கீழ் முதல் மோலாருக்கு அஞ்சு கஸ்ப், பக்கல் பக்கம் மூணு, லிங்குவல் பக்கம் ரெண்டு. அந்த மூணாவது, டிஸ்டல் கஸ்ப், சின்னது, பக்கலுக்கும் டிஸ்டலுக்கும் நடு மூலையில இருக்கும், பசங்க அதை முழுசா பக்கல் பக்கம் இழுத்து வச்சு மூணையும் ஒரே வரிசையில நிறுத்திடுவாங்க. க்ரூவ் ஒய் வடிவத்துல ஓடும். ரெண்டாவது மோலாருக்கு நாலு கஸ்ப், க்ரூவ் கூட்டல் குறி. அதுக்கு மேல ரெண்டாவது மோலார் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல.

பிரீமோலார்ல மேல் முதல் பிரீமோலாரும் கீழ் முதல் பிரீமோலாரும் தான் மண்டையைக் குடையும். மேல் முதல் பிரீமோலார்ல பக்கல் கஸ்ப் பேலட்டலை விட ஒரு மில்லிமீட்டர் கிட்ட உயரம், ரெண்டாவதுல ரெண்டும் கிட்டத்தட்ட சமம். முதல் பிரீமோலாரோட பக்கல் கஸ்ப்ல மீசியல் சரிவு டிஸ்டல் சரிவை விட நீளம், நிரந்தரப் பல்லு எல்லாத்துலயும் வழக்கத்துக்கு மாறா இருக்கறது இது தான், மத்த கெனைன் (கோரைப் பல்லு), பிரீமோலார்ல மீசியல் சரிவு குட்டையா இருக்கும். இந்த ஒரு வரியை நம்பி எத்தனையோ பேர் வைவா தாண்டியிருக்காங்க. மீசியல் பக்கம் கழுத்துக்கு மேல ஒரு பள்ளம் இருக்கும், மார்ஜினல் ரிட்ஜைத் தாண்டி ஒரு க்ரூவ் போகும். அந்தப் பள்ளம் படிக்கறப்ப சும்மா ஒரு குறிப்பு தான், பின்னாடி பெரியோல (ஈறு சிகிச்சை) ஸ்கேலிங் பண்ணும்போது கால்குலஸ், அதாவது பல்லுல படியற கல்லு, அங்க போய் ஒளிஞ்சுக்கும், ஃபில்லிங்ல பல்லைச் சுத்திப் போடற மேட்ரிக்ஸ் பேண்ட் அங்க ஒட்டாம மெட்டீரியல் பிதுங்கும், அப்ப தான் இதைப் படிச்ச ஞாபகம் வரும்.

கீழ் முதல் பிரீமோலார் ஒரு தனி ஜாதி. பக்கல் கஸ்ப் பெருசா கெனைன் போல நிக்கும், லிங்குவல் கஸ்ப் பேருக்கு ஒண்ணு இருக்கும், எதிர்ல எதையும் தொடாது. தொடாத கஸ்ப் வளந்து என்ன பண்ணப் போகுது. மீசியோலிங்குவல் பக்கம் ஒரு க்ரூவ் வழியும், அது தான் வலது இடது சொல்ற அடையாளம். ரெண்டாவது பிரீமோலார்ல ரெண்டு கஸ்ப் மூணு கஸ்ப்னு ரெண்டு வகை, மூணு கஸ்ப் இருந்தா க்ரூவ் ஒய், ரெண்டு கஸ்ப்னா ஹெச் இல்லன்னா யு. சில பேருக்கு பிரீமோலாரோட நடு மேடையில சின்னதா கூம்பு ஒண்ணு கூடுதலா முளைச்சிருக்கும், டென்ஸ் இவாஜினேட்டஸ்னு பேரு, பாக்க அசிங்கமா இருக்குன்னு உரசி எடுத்துடாதீங்க, உள்ள பல்ப், அதாவது நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கற சதை, ஏறி இருக்கும், ஒரே உரசல்ல ரூட் கெனால் வரைக்கும் கொண்டு போய் விட்டுடும்.

சரி, இந்த வடிவம் எல்லாம் எப்ப முடிவாகுது? பல்லு தாடைக்குள்ள மொட்டா இருக்கும்போதே. எனாமல் நாட்னு ஒரு செல் கூட்டம், அது தான் சிக்னல் குடுக்கற இடம், அது பெருகாது, சுத்தி இருக்கறது பெருகும், அதனால அந்த இடம் மடிஞ்சு கூம்பாகும். அந்த மொட்டு மணி வடிவத்துக்கு வர்ற பெல் ஸ்டேஜ்ல ஒவ்வொரு கஸ்ப்புக்கும் ஒரு செகண்டரி எனாமல் நாட். பின்லாந்து ஹெல்சிங்கியில யூக்கா யெர்ன்வால், இர்மா தெஸ்லெஃப்னு ஆராய்ச்சி பண்றவங்க 1990-கள்ல பண்ண வேலையில இது நல்லா தெளிவாச்சு. வடிவம் முடிவான அப்பறம் தான் டென்டினும் எனாமலும் படியும், கஸ்ப் நுனியில ஆரம்பிச்சு கழுத்துப் பக்கம் இறங்கும்.

இதை ஏன் இழுத்து சொல்றேன்னா, எங்க ஜில்லா விஷயம் இதுல இருக்கு. தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, பூமிக்கடியில இருக்கற பாறையில இருந்து கரைஞ்சு வர்றது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தான் மேல் வரம்பு, அதைத் தாண்டின ஊருங்க இங்க நிறைய. அதனால பல்லுல சுண்ணாம்பு வெள்ளை, பழுப்புக் கறை, ஜாஸ்தியா இருந்தா குழி குழியா, இதுக்கு தான் ஃப்ளோரோசிஸ்னு பேரு. இங்க வளந்த எவனையும் பெங்களூர்ல வேலைக்குப் போனா "பல்லு விளக்க மாட்டியா"ன்னு கேட்டிருப்பாங்க, விளக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

பசங்க என்ன கேப்பாங்கன்னா "அக்கா, ஃப்ளோரோசிஸ்ல கஸ்ப் ஷேப் மாறுமா?" கஸ்ப் எத்தனை, எங்கன்றது மாறாது. அது எனாமல் நாட் காலத்துலயே முடிஞ்சு போன கதை. ஃப்ளோரைடு கெடுக்கறது அதுக்கப்பறம் எனாமல் கெட்டிப்படற வேலையை. மேல் தோல் கெட்டியா இருக்கும், அதுக்குக் கீழ கெட்டிப்படாம சொரசொரன்னு இருக்கும், பல்லு முளைச்சு மெல்ல ஆரம்பிச்ச அப்பறம் தான் மேல் தோல் உடைஞ்சு குழி விழும். முதல் மோலார் பிறக்கும்போது படிய ஆரம்பிச்சு மூணு வயசுக்குள்ள க்ரவுன் முடிஞ்சிடும், ரெண்டாவது மோலார் ஏழெட்டு வயசு வரைக்கும் போகும், அதனால ஒரே வாயில பல்லுக்குப் பல்லு கறை வித்தியாசப்படும், ஆனா வலது இடது ஜோடி ஒண்ணு போல இருக்கும். ஒரு பல்லு மட்டும் கறையா இருந்தா ஃப்ளோரோசிஸ்னு எழுதாதீங்க, வேற காரணம் தேடுங்க. 2013-ல தொடங்கின ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டத்துக்கு ஃப்ளோரோசிஸ் தணிப்புன்னே பேருல இருக்கு, ஜப்பான் கடன்ல வந்த காவேரித் தண்ணி. அந்தத் தண்ணி ஒழுங்கா வர்ற ஊர்ல பிறந்த குழந்தைக்கும் அவங்க அம்மாவுக்கும் பல்லைப் பக்கத்துல வச்சுப் பாத்தா எனக்கே சந்தோஷமா இருக்கும். வராத நாள்ல மறுபடி போர் தண்ணி தான், அதைப் பத்தி தனியா எழுதணும், கோவம் வரும்.

முதல் மோலார் பத்தி இன்னொண்ணு. ஆறு வயசுல இது முளைக்க எந்தப் பால் பல்லும் விழுந்து இடம் விடாது, பால் மோலாருக்குப் பின்னாடி சத்தமில்லாம வந்து நிக்கும். அதுவும் ரெண்டாவது பால் மோலார் பாக்க அச்சு அசலா முதல் மோலார் வடிவம், மேல இருந்தா காராபெல்லி கூட இருக்கலாம், கீழ இருந்தா அஞ்சு கஸ்ப். அதனால வீட்டுல எல்லாரும் இதையும் பால் பல்லுன்னே நினைப்பாங்க. "விழுந்து மொளைக்கற பல்லு தானேங்க, எதுக்கு அடைக்கணும்"னு கேக்காத அம்மாவை நான் பாத்ததில்ல. இல்லீங்கக்கா, இது தான் கடைசி வரைக்கும் இருக்கற பல்லு, அஞ்சு கஸ்ப்புக்கு நடுவுல இருக்கற பள்ளத்துல மாங்கா ஜூஸும் சாக்லேட்டும் போய் உக்காந்தா பிரஷ்ஷே போகாதுன்னு சொல்லி, மிரரைக் கையில குடுத்துக் காட்டினா தான் நம்புவாங்க. பள்ளத்தை சீலன்ட் போட்டு மூடறதுக்கு சரியான நேரம் அது முழுசா வெளிய வந்த உடனே. ஃப்ளோரோசிஸ் பல்லுன்னா எட்ச்சிங், அதாவது சீலன்ட் பிடிக்க ஆசிட் தடவற, நேரத்தைக் கொஞ்சம் கூட்டணும், மேல் தோல் ஆசிடுக்கு லேசுல அசையாது.

கார்விங்குக்கு வருவோம். முதல்ல அளவு குறிச்சு எல்லாப் பக்கமும் வெட்டிட்டு, கஸ்ப் நுனி எங்க வரும்னு ஆக்ளூசல்ல புள்ளி வச்சுட்டு அப்பறம் கத்தி எடுங்க. குழியைத் தோண்டாதீங்க, நாலு பக்கம் சரிவு இறங்கி சேர்ற இடம் தான் ஃபோஸா, சரிவை ஒழுங்கா செதுக்கினா குழி தானா வரும். லெக்ரான் கார்வர்ங்கற செதுக்கற கத்தியோட முனையை வச்சு நடுவுல குடைஞ்சு எடுக்கறவங்க தான் அதிகம். மீசியல் மார்ஜினல் ரிட்ஜ் டிஸ்டலை விட உயரம், கீழ் முதல் பிரீமோலார் மட்டும் விதிவிலக்கு. கழுத்துக் கோடு மீசியல் பக்கம் ஜாஸ்தி வளையும், டிஸ்டல்ல கம்மி. ஸ்பிரிட் லேம்ப்ல காட்டி வழவழன்னு ஆக்கறேன்னு கஸ்ப்பையே உருக்கிடாதீங்க, ஈரத் துணியில தேச்சாலே பளபளக்கும். முடிச்ச உடனே பக்கத்து சீட்ல யாராவது எதிர்ப் பல்லு செதுக்கியிருந்தா ரெண்டையும் கடிக்க வச்சுப் பாருங்க, மேடம் சைன் போடுவாங்களா மாட்டாங்களான்னு அப்பவே தெரிஞ்சிடும்.

எடுத்த பல்லு சேத்து வைக்கச் சொல்லுவாங்க, எங்கிட்டயும் கேப்பீங்க. குடுக்கறேன், ஆனா வெறும் பாட்டில்ல போட்டு ஹாஸ்டல் அலமாரியில வைக்கற வேலை வேணாம், அது ரத்தம் பட்ட பொருள். ஒட்டியிருக்கற சதை, கல்லு எல்லாம் க்ளவுஸ் போட்டு சுத்தம் பண்ணி, ஆட்டோக்ளேவ் பண்ணிட்டு, அதாவது நீராவி அழுத்தத்துல கிருமி கொன்னுட்டு தான் வெறுங்கையில தொடணும். அமால்கம் (பாதரசக் கலவை) ஃபில்லிங் இருக்கற பல்லை ஆட்டோக்ளேவ்ல போடவே கூடாது, பாதரச ஆவி வரும், அதை 10 சதவீத ஃபார்மலின்ல ரெண்டு வாரம் ஊற வைக்கணும். மேல் முதல் பிரீமோலார் வேணும்னா ஆர்த்தோவுக்கு எடுக்கற பல்லுல கிடைக்கும், சொத்தை இல்லாம கஸ்ப் முழுசா இருக்கும். பொங்கல் லீவுக்கு வர்றவங்க முன்னாடியே சொல்லிட்டு வாங்க, எடுத்து வைக்கறேன்.